பெட்ரோல் வாசம்

சொட்டு விழுந்துவிட்டது.

கார்புரேட்டரின் அடியில் நீட்டிய விரலை அவர் மூக்கருகே கொண்டுபோனார். சந்தேகமே வேண்டாம். பெட்ரோலேதான்.

"சனியனே," என்றார் ஜீப்பைப் பார்த்து.

ஜீப் என்ன சொல்லும்? பதினோரு வருடம் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த வண்டி. இப்போது பிரேக் பிடிக்கிறது. நாலு டயரும் புதுசு. பச்சைப் பெயின்ட் அடித்து, கண்ணாடி மாட்டி, பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. எஞ்சின்கூட ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கசிவு ஒன்றுதான்.

வேறொருவருக்கு இது ஒரு குறையே இல்லை. பழைய வண்டி, கொஞ்சம் கசியும், கொஞ்சம் நாறும், ஓட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். வால்பாறை எஸ்டேட்டில் இருபத்தாறு வருடம் ஜீப் ஓட்டியவர் அவர். பெட்ரோல் வாசத்தில் உட்கார்ந்தே சோறு தின்றவர்.

அவர் மனைவி மரகதத்துக்குத்தான் ஆகாது.

புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற ஏற, வீட்டில் ஒவ்வொரு வாசமாக அவளுக்குப் பகையாகிவிட்டது. முதலில் தாளிப்பு. அப்புறம் சோப்பு. அப்புறம் சாம்பிராணி. பெட்ரோல் என்றால் கேட்கவே வேண்டாம், குடலே வெளியே வந்துவிடும்போல ஓங்கரிப்பாள்.

போன மாதம் கோயம்புத்தூர் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இனி மருந்து வேண்டாம், அவங்க ஆசைப்படுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், சீக்கிரம் போங்கள் என்றார்.

மரகதம் யோசிக்கவே இல்லை. மேலே போகணும் என்றாள்.

மேலே என்றால் எஸ்டேட். அவர்கள் குடியிருந்த வீட்டின் பின்னால் ஒரு கொய்யா மரம். அதன் அடியில் கிடக்கிற மகன் மூன்றே நாள் இருந்தான். பெயர்கூட வைக்கவில்லை.

வாடகைக் கார் பேசினார். கண்ணாடியை ஏற்றியதுமே குமட்டி, தெருமுனையிலேயே இறங்கிவிட்டாள்.

"தொறந்த வண்டின்னா வருவேனுங்க," என்றாள். "நம்ம ஜீப்பு."

அன்றைக்கே கொட்டகையைத் திறந்தார்.

கோளாறு பிடிபட இரண்டு நாள் ஆனது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டம் ஏறாமல் பார்த்துக்கொள்கிற மிதவை. பித்தளை. கொதிநீரில் அமுக்கிப் பார்த்தார். ஒரு மூலையிலிருந்து குமிழி வந்தது. ஊசிமுனை ஓட்டை. காயவைத்து ஈயம் வைத்தார்.

வைத்தவர் அதோடு விட்டாரா? பாதி மலையில் விட்டுப்போனால் அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னொரு பொட்டு வைத்தார். அந்தப் பக்கமும் ஒன்று. எதற்கும் இருக்கட்டும் என்று மூலைக்கு மூலை வைத்தார்.

பொள்ளாச்சியிலிருந்து வந்த மெக்கானிக் பீர் முகம்மது, மிதவையை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான்.

"என்னங்ணா, ஈயத்த இப்படி அப்பி வெச்சிருக்கீங்க? பாரம் தாங்காம முங்குது. முங்குனா பெட்ரோல் நிக்காதுங்ணா, வந்துட்டேதான் இருக்கும்."

புதுசு கிடைக்குமா? இந்த வண்டிக்கா? சொல்லி வைத்தால் மூன்று வாரத்தில் வரலாம்.

மூன்று வாரம்! அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அரத்தை எடுத்தார். ஈயத்தைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கசிவு குறைந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தார். ஓட்டை திறந்துகொண்டது.

மறுபடி ஈயம். மறுபடி அரம். ஒன்பது நாள்.

கையைப் புளி போட்டுத் தேய்த்தார், அரப்பு போட்டுத் தேய்த்தார், சாம்பலும் ஆயிற்று, பெட்ரோல் வாசம் போகவில்லை. கஞ்சி டம்ளரை நீட்டினால் மரகதம் பாவம், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்புறம் அவர் வாசல்படியைத் தாண்டவே இல்லை. கதவோரம் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். பக்கத்து வீட்டு சரசாள் வந்து கஞ்சி ஊட்டினாள். கட்டினவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க வக்கில்லாமல் போயிற்றே என்று கொட்டகைக்குள் உட்கார்ந்து அழுதார்.

அழுதால் கசிவு நிற்குமா?

இன்று பத்தாம் நாள். விடிந்ததும் மிதவையை மாட்டினார். பெட்ரோலைத் திறந்துவிட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை நீட்டினார்.

அதே சொட்டு.

முடியாது. தன்னால் ஆகாது. அவளிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

மரகதம் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

தூக்கி வைத்த பானெட் மறைத்ததில் அவள் வந்தது தெரியவில்லை. கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஏற்றிவிட்ட சரசாள், திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். மரகதம் நல்ல சேலை கட்டியிருந்தாள். முடி கொட்டிய தலையை முந்தானையால் மூடியிருந்தாள்.

"எறங்கு மரகதம். இன்னும் நிக்கல. இந்த நாத்தத்துல நீ எப்படி..."

"எங்க நாறுது?" என்றாள். "எனக்கு வாசமே அடிக்கலீங்க. வண்டிய எடுங்க."

அவருக்கே கண் எரிந்துகொண்டிருந்தது.

அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். மடியில் வலது கை மூடியிருந்தது. விரலிடுக்கில் பச்சையாக ஏதோ தெரிந்தது. எலுமிச்சம்பழம். மலை பஸ் ஏறுகிறவர்கள் குமட்டாமலிருக்க மூக்கருகே வைத்துக்கொள்வது. அவள் மூக்கருகே கொண்டுபோகவில்லை. ஒளித்து வைத்திருந்தாள். நகம் இறங்கி, சாறு மணிக்கட்டில் வழிந்து சேலையை நனைத்தது.

அவர் பானெட்டை மூடினார். ஏறி உட்கார்ந்தார்.

"ஆமா மரகதம்," என்றார். "நின்னு போச்சு."