பின்சுவருக்கு ஒரு படிக்கட்டு

பள்ளிக்கு வந்த மானியத்தில் என்ன செய்யலாம் என்று மாணவர்களையே கேட்டது வம்பாகிப் போனது தலைமையாசிரியருக்கு.

“பின்பக்கச் சுவருக்கு ரெண்டு பக்கமும் படிக்கட்டு கட்டலாம் சார்” என்றாள் வகுப்புத் தலைவி.

“எதுக்கு? சொகுசா ஏறி ஊர் சுத்தப் போறதுக்கா?” என்று சீறினார்.

“இல்ல சார், லேட்டானா உள்ள வர்றதுக்கு.”

“ஒன்பது மணிக்கு மேல யார் வந்தாலும் கேட்டைத் திறக்காதேன்னு வாட்ச்மேன்கிட்ட கறாரா சொல்லி வச்சிருக்கேன். லேட்டா வர்றவங்களுக்குப் படிக்கட்டு ஒரு கேடா?”

“அவர் யாருக்குமே திறக்கறதில்ல, அதான் சார்...” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நாங்க எப்படியும் குதிச்சிடுவோம். நேத்து நீங்க குதிச்சப்பதான் பாக்கவே பாவமா இருந்துச்சு.”

பிளாஸ்திரி போட்டிருந்த முழங்கையை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார் தலைமையாசிரியர்.

“கைப்பிடியும் சேர்த்து எழுதிக்கோம்மா” என்றார்.