ஓட்டை இல்லாத நோட்டீஸ்

“யாருன்னு சொல்லவே வேண்டாம் ஆன்ட்டி, எனக்குப் புரிஞ்சுபோச்சு” என்று பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினான் வக்கீல் தம்பி. பக்கத்துப் போர்ஷன் தையல்காரர் தொலைந்தார் என்று அவன் மனதுக்குள் மேளம் கொட்டியது.

வீட்டுக்கார அம்மாளுக்கு மூச்சு வந்தது. “புரிஞ்சுதா? அப்பாடா! மனசு கஷ்டப்படுமேன்னுதான் இத்தனை நாளா வாயைத் திறக்காம இருந்தேன்.”

வக்கீல் தம்பி இன்னும் வக்கீல் ஆகவில்லை. சட்டக் கல்லூரி மூன்றாம் ஆண்டு. சட்ட ஆங்கிலம் என்ற ஒரே பாடத்தில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவன். ‘ஆங்கிலம் நாக்கில் ஊற வேண்டும்’ என்று பேராசிரியர் சொன்னதிலிருந்து, கோழி எழும் முன்பே எழுந்து புத்தகத்தை உரக்கப் படிப்பான். ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்ற சொல்லை மட்டும் நாற்பது தடவை. உழைப்பில் அவனைக் குறை சொல்ல முடியாது.

இந்த முறை பேராசிரியர் புதிதாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். நிஜமான கட்சிக்காரர் ஒருவருக்காக நிஜமான நோட்டீஸை ஆங்கிலத்தில் எழுதி, யாருக்கு எழுதினோமோ அவரிடம் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்குள். இல்லாவிட்டால் பரீட்சை கிடையாது, ஒரு வருடம் போச்சு.

ஒரு வாரமாகக் கட்சிக்காரரைத் தேடி நாயாய் அலைந்தான். “எனக்கு யார் மேலயும் விரோதம் இல்லடா” என்று சித்தப்பாகூடப் போனை வைத்துவிட்டார். கடைசியில் இன்று மதியம் வீட்டுக்கார அம்மாளிடம் பரீட்சை, கையெழுத்து, ஐந்து மணிக் கெடு எல்லாவற்றையும் சொல்லி, “உங்களுக்கு யாராவது தொல்லை கொடுக்கறாங்களா?” என்று கேட்டபோது, அந்த முகம் போன போக்கைப் பார்த்து அவனுக்கு உயிர் வந்தது.

நடுவில் வீட்டுக்கார அம்மாள், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவன், மறு சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரர். வேறு யார் இருக்கிறார்கள்?

“புகாரை வரிசையாச் சொல்லுங்க ஆன்ட்டி.”

“விடியறதுக்கு முன்னாடியே சத்தம் தம்பி. சுவத்தைத் தாண்டி நேரா என் காதுக்குள்ள வருது. ரெண்டு மாசமா தூக்கமே இல்ல.”

தையல் மெஷின்! போன மாதம் அவனுடைய கறுப்புப் பேன்ட்டை மூன்று அங்குலம் குட்டையாகத் தைத்துக் கொடுத்த அதே மெஷின். ‘மனிதச் செவிகள் தாங்கவொண்ணாத ஒலிகளைத் தொடர்ந்தும் தொந்தரவளிக்கும் நோக்கத்துடனும் எழுப்பிவருகிற மேற்படி நபர்’ என்பதை ஆங்கிலத்தில் ஒன்பது வரிக்கு இழுத்தான்.

“அப்புறம்?”

“குழாயைத் திறந்து விட்டுட்டு ஏதோ யோசனையில நின்னுடறது. தொட்டியே காலியாயிடுது.”

சட்டை அளவு யோசனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அதற்கு ஆறு வரி.

“இதுக்குப் போய் நோட்டீஸா தம்பி? சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்கன்னு சொன்னா போதாதா?”

வக்கீல் தம்பி காகிதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். “வாயால சொன்னது காத்தோட போயிடும் ஆன்ட்டி. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவோம். அப்பதான் நோட்டீஸ்னா நோட்டீஸா இருக்கும்.”

“காலியா!” அம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். “நான் அவ்வளவு தூரம் நினைக்கவே இல்லையே. ரெண்டு மாசமாவது டைம் போடுங்க.”

“ஏழு நாள்.”

“ஏழு நாள்ல எங்க போய் இடம் தேடறது? பாவம் இல்லையா?”

“சட்டத்துல பாவம்னு ஒரு வார்த்தையே கிடையாது.”

“அந்தப் பரீட்சை அவ்வளவு முக்கியமா தம்பி?”

“என் உயிரே அதுலதான் இருக்கு ஆன்ட்டி.”

மன்னிப்புக் கேட்டாலும் செல்லாது. இனிமேல் சத்தம் வராது என்று சத்தியம் செய்தாலும் செல்லாது. நோய், மழை, படிப்பு, பிரசவம் என்று எந்தச் சாக்குச் சொன்னாலும் செல்லாது. எறும்பு நுழையக்கூட ஓட்டை வைக்கவில்லை அவன். எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு முழுவதையும் படித்துக் காட்டினான். நாற்பத்திரண்டு வரி, ஒரே வாக்கியம், கடைசியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி.

“புரிஞ்சுதா ஆன்ட்டி?”

“எங்க புரியறது? எனக்குப் பழகின சத்தம்தான்.”

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். யாருக்கு என்ற இடத்தில் கட்சிக்காரரே தன் கைப்படப் பெயரை எழுத வேண்டும். இட்டுக்கட்டி எழுதுகிறவர்களைப் பிடிக்கப் பேராசிரியர் வைத்த பொறி அது. காகிதத்தை அம்மாள் பக்கம் தள்ளினான்.

அம்மாள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, தயங்கித் தயங்கிப் பெயரை எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டாள். கண் கலங்கியிருந்தது. “இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்மையா!”

வக்கீல் தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு செருப்பை மாட்டினான். “மை காயட்டும் ஆன்ட்டி. நான் போய் டெய்லரைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன்.”

அம்மாள் திருதிருவென்று விழித்தாள்.

“டெய்லர் எதுக்கு? உங்க பேர்தானே எழுதியிருக்கேன். சட்டுனு கையெழுத்தைப் போடுங்க தம்பி, மணி நாலரை!”