வேறொரு வாசகர்

"செத்துப்போனவ எழுதினதைப் படிக்க வேற யாரும்மா வரப்போறாங்க?"

பெரியவர் கேட்டதும் வலைக்காரி மேசைக் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். திரையை இன்னொரு தடவை பார்த்தாள். 'இந்தப் பக்கத்தை வேறொரு வாசகர் பார்த்துக்கொண்டிருக்கிறார். காத்திருக்கவும்.'

தேசிய நூலகத்தில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. நாட்டில் அச்சாகும் புத்தகங்களைப் போலவே, இணையத்தில் வெளியாவதிலும் நூலகத்துக்கு ஒரு பிரதி வந்தாக வேண்டும் என்பது சட்டம். அவற்றை வலைபோட்டுப் பிடித்து, இது கவிதை, இது சமையல் என்று தலைப்புப் போட்டு அடுக்குவதுதான் அவள் பிழைப்பு. மதிய வேளைகளில் கீழ்த்தளத்து வாசகர் உதவி மேசையிலும் உட்கார வேண்டும்.

பெரியவரின் மகள் புனைபெயரில் எழுதிவந்த வலைப்பூவும் அப்படிப் பிடிபட்டதுதான். அதற்கு இடம் கொடுத்த நிறுவனம் கடையை மூடிக்கொண்டு போய்விட, இணையத்தில் அது சுவடே இல்லாமல் மறைந்துவிட்டது. மிச்சமிருப்பது இந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் ஒரே பிரதிதான்.

ஒரே பிரதி என்பதால், அச்சுப் புத்தகத்துக்கு உள்ள விதிதான் இதற்கும். ஒருவர் படிக்கும்போது இன்னொருவருக்குத் திறக்காது. வீட்டிலிருந்து பார்க்க வழியில்லை, படம் எடுக்கவும் கூடாது. வேண்டுமானால் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம்.

'பேய்க்கதைகள்' என்று அதற்குத் தலைப்புப் போட்டவள் வலைக்காரியேதான். ஒரு வீடு, ஒரு பெண், ஒரு பேய். தோழிகள் யாராவது வந்தால் பேய் விரட்டிவிடும். அறைக் கதவை வெளிப்பக்கமாகப் பூட்டும். சாவித் துவாரத்தில் வாயை வைத்து, 'வாசலைத் தாண்டினா பொணமாத்தான் போவே' என்று சொல்லும். அதைப் படித்த அன்று வலைக்காரி விளக்கை அணைக்காமலே படுத்தாள்.

"உங்க பொண்ணு என்னமா எழுதியிருக்காங்க சார்! எனக்குக் குலை நடுங்கிப்போச்சு" என்று அவர் முதன்முதலாக வந்த அன்று சொல்லியிருந்தாள்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் அவ கற்பனைம்மா. ஆத்தங்கரையில அவ செருப்பு மட்டும்தான் கிடைச்சுது. இப்படி ஒரு பக்கம் இருக்குன்னு தெரிஞ்சதே அவளுக்கும் எனக்கும் மட்டும்தான்."

அதிலிருந்து தவறாமல் வருகிறார். பக்கம் திறந்ததும் ஒரு பார்வை பார்ப்பார். மறு நிமிடமே அதை மூடிவிட்டு, முகம் தொங்கிப்போய் நடையைக் கட்டிவிடுவார். பாவம், நாலு வரி படிக்கக்கூட நெஞ்சு தாங்கவில்லை என்று வலைக்காரி நினைத்துக்கொள்வாள்.

இன்றைக்குப் பக்கம் திறக்கவே இல்லை. நொந்துபோவார் என்று நினைத்தாள். அவரோ மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"நிஜமாவே யாரோ படிக்கிறாங்களா? இந்த நிமிஷம்?"

"ஆமா சார். எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

"இந்தக் கட்டடத்துக்குள்ளேயேவா?"

"வெளியில இருந்து முடியாதே சார்."

அவர் முகத்தில் இதுவரை அவள் பார்த்திராத ஒரு மலர்ச்சி வந்தது. "யாருன்னு சொல்லும்மா. என் பொண்ணு எழுதினதை உக்காந்து படிக்கிற அந்த முகத்தை ஒரே ஒரு தரம் பார்த்துட்டுப் போயிடறேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

யார் எதைப் படிக்கிறார்கள் என்று மூச்சுவிடக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். ஆனால் பெற்ற மனசு இப்படிக் கெஞ்சும்போது விதியாவது மண்ணாங்கட்டியாவது! பெயரைச் சொன்னால்தானே தப்பு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"ரெண்டாவது மாடி சார். ஜன்னலோரம், கடைசி நாற்காலி."

பெரியவர் கைகூப்பினார். வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் லிஃப்டுக்குப் போனார். நல்ல காரியம் செய்த திருப்தியில் வலைக்காரி நாற்காலியில் சாய்ந்தாள். செத்தவளின் எழுத்துக்கு ஒரு வாசகர் கிடைத்துவிட்டார், அப்பாவுக்கும் ஒரு ஆறுதல்.

சற்று நேரத்தில் மாடிப்படி வழியாக ஓர் இளம்பெண் இறங்கி வந்தாள். ஒட்ட வெட்டிய தலைமுடி, காதில் செருகிய பென்சில், கை நிறைய எழுதிய தாள்கள். இருக்கை எண் போட்ட அட்டையை மேசைமேல் திருப்பி வைத்துவிட்டு, "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

அட்டையைப் பார்த்த வலைக்காரி பதறினாள். "அடடா, அந்த ஜன்னலோர சீட்டு நீங்கதானா? உங்களைப் பார்க்கத்தானே இப்ப ஒருத்தர் லிஃப்டுல மேல போனாரு! நீங்க படிச்சீங்களே, அதை எழுதின பொண்ணோட அப்பா. பாவம், தவியா தவிச்சாரு. நான்தான் இடத்தைச் சொல்லி அனுப்பினேன்."

தாள்கள் தரையெல்லாம் சிதறின. அந்தப் பெண் குனிந்து எடுக்கவில்லை. அவள் பார்வை லிஃப்டின் மேலே இருந்த எண்ணில் நிலைகுத்தி நின்றது. இரண்டு என்பது ஒன்று ஆனது; லிஃப்ட் இறங்கி வந்துகொண்டிருந்தது.

அவள் வலைக்காரியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"நான் செத்துட்டேன்னு அப்பா நம்பினதாலதான்க்கா இவ்வளவு நாள் உயிரோட இருந்தேன்."