பரிசீலனையில் ஒரு பட்டன்

"தப்பு, தப்பு! 'தயவுசெஞ்சு வேகத்தடை போடுங்க'ன்னு கோஷம் போட்டா எவன் பயப்படுவான்? கல்யாணப் பத்திரிகை படிக்கிற மாதிரி இருக்கு."

கழுவிய தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கணவர் சொன்னார். கரண்டியை மைக்காகப் பிடித்திருந்த மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து அறையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்ததால், போராட்ட ஒத்திகை முழுவதும் கிசுகிசுப்பாகவே நடந்தது.

"பழக்க தோஷங்க. மூணு மனு எழுதினேன்ல, மூணுலயும் 'தயவுசெய்து'தான்."

"மனு எங்க போகும் தெரியுமா? டீ கிளாஸுக்கு அடியில. மேசையில கறை படியக் கூடாதுல்ல?"

"சரி, மனு வேஸ்ட். மனிதச் சங்கிலி?"

"மொத்த ரோடு ஆபீஸும் ஜன்னல்ல நின்னு, 'வரிசை என்ன நேரா இருக்கு பாரு'ன்னு பாராட்டியிருக்கும். அதோட சரி."

"எங்க தையல் கிளாஸ் மொத்தமும் சேர்ந்து ரோட்டுல வெள்ளைக்கோடு போட்டோமே, அது?"

"அதைத்தான் மறுநாளே அழிச்சுட்டாங்களே."

"அதான் கேக்கறேன்! கோடு போடச் சொன்னா ஆள் இல்லைன்னாங்க. அழிக்க மட்டும் எங்கேர்ந்து ஆள் வந்துச்சாம்?"

கணவருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

நாற்காலியின் முதுகில் மகளின் பை தொங்கியது. போன வாரம் அவள் பள்ளிக்கு எதிரே சாலையைக் கடந்தபோது, வேகமாக வந்த லாரி ஒன்று அதை உரசிக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்திருந்தால் கிழிந்தது பையாக இருந்திருக்காது. அதே பள்ளியில் மாலையில் நடக்கும் வகுப்பில் கற்ற தையலைக்கொண்டு, கிழிந்த இடமே தெரியாமல் மனைவி தைத்திருந்தாள். இருந்தும் இருவர் கண்களும் அந்த இடத்துக்கே போயின.

"அப்போ நான் உண்ணாவிரதம் இருந்துடறேன்" என்றாள். இந்த முறை அவள் குரல் கிசுகிசுப்பாக இல்லை.

"நீ ஏன் இருக்கணும்? அவங்களை இருக்க வை." கணவர் தட்டைக் கீழே வைத்தார். "ஆபீஸ் முன்கேட்டுல உட்காராதீங்க. அங்க வாட்ச்மேனைத் தவிர யாரும் பார்க்க மாட்டாங்க. பின்கேட்டுக்குப் போங்க. கார் போக வேற வழி கிடையாது. பெரிய அதிகாரி மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போயே ஆகணும். உங்க தையல் கிளாஸை அங்கேயே வைங்க. பசி ஏற ஏற, கையெழுத்து தானா இறங்கும்."

"பெரிய அதிகாரி ஒழிகன்னு கத்திடலாமா?"

"ஐயையோ, முறுக்கிக்குவாரு! ரோடு இன்ஜினியரைத் திட்டு. அப்பத்தான் பெரியவர், 'நான் நல்லவன், இவன்தான் மோசம்'னு காட்டிக்க ஓடி வருவாரு. இன்ஜினியர் மாதிரி ஒரு பொம்மையும் செஞ்சு உட்கார வை. நிஜ ஆள் மாதிரி இருக்கணும்."

"பாவங்க அந்த மனுஷன்."

"வீட்டுல என்னைத் திட்டறப்போ பாவம் பார்க்கிறியா? அதே மாதிரி திட்டு. சுருதி தானா சேரும்."

மனைவி கரண்டியை ஓங்கினாள். கணவர் நகர்ந்துகொண்டார்.

"அது சரி, என் நீலக் கட்டம் போட்ட சட்டை எங்க? ரெண்டாவது பட்டன் தைச்சுக் கொடுன்னு நானும் மாசக்கணக்கா மனு போடறேன். பேருதான் தையல் கிளாஸ்."

"பரிசீலனையில இருக்கு" என்றாள் மனைவி.

மறுநாள் மத்தியானம், பின்கேட்டை அடைத்துக்கொண்டு தையல் இயந்திரங்கள் கடகடத்தன. நடுவில் நாற்காலி போட்டு, பஞ்சு அடைத்த பொம்மையை உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தில் 'நான்தான் இன்ஜினியர்' என்று ஓர் அட்டை.

"தூங்குமூஞ்சி இன்ஜினியரே!" என்று மனைவி தொடங்கினாள்.

"எழுந்திரு!" என்றது வகுப்பு.

"குறட்டை விட்டது போதும்!"

"ரோட்டுக்கு வா!"

சுருதி பிரமாதமாகச் சேர்ந்திருந்தது.

காருக்குள் இருந்தபடி ஹாரன் அடிக்க வைத்துப் பார்த்த பெரிய அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். இறங்கி வந்தார்.

"என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"ஸ்கூலுக்கு முன்னாடி வேகத்தடை வேணும். போடற வரைக்கும் தைப்போம்."

"அவ்வளவுதானா? இதைக்கூடச் செய்யாம என்னதான் பண்றான்? எங்கய்யா அந்த இன்ஜினியர்? கூப்பிடு!"

வேகத்தடைக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்ஜினியர் ஓடி வந்தார். பேனாவைக்கூடத் திறந்தே வைத்திருந்தார். கார் மேலேயே கோப்பை வைத்துப் பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்குக் காலையில, ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வேகத்தடை போட்டிருக்கணும்!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி முழங்கினார். கைதட்டல் எழுந்தது. இயந்திரங்கள் நகர்ந்து வழிவிட்டன.

காரில் ஏறும் முன் அவர் இன்ஜினியரின் காதருகே குனிந்தார். "பின்கேட்டு, என் சாப்பாட்டு நேரம், எல்லாம் கச்சிதமா தெரிஞ்சுருக்கு. எவனோ உள்ளே இருந்துகிட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கான். யாருன்னு நாளைக்கு எனக்குத் தெரியணும்."

"விசாரிச்சிடறேன் சார்" என்ற இன்ஜினியர், அப்போதுதான் பொம்மையைச் சரியாகப் பார்த்தார். காலையில் அலமாரியையே புரட்டிப் போட்டும் கிடைக்காத அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை அது மாட்டிக்கொண்டிருந்தது; மாசக்கணக்காக மனு போட்டும் நடக்காத இரண்டாவது பட்டன், அதில் பளிச்சென்று தைக்கப்பட்டிருந்தது.