அருகில் எதுவுமில்லை

அதிகாரி வரைபடத்தைத் தேயிலைச் செடிகளின் மேல் விரித்தார். கொழுந்தெடுத்து மட்டமாக நின்ற செடிகள் ஒரு மேசையைப் போல அதைத் தாங்கிக்கொண்டன.

"இங்கு பங்களா உள்ளது. இங்கு தொழிற்சாலை. இங்கு குதிரைக் கொட்டில்."

சிங்களவரான அவருடையது அரசாங்க வகுப்பில் படித்துத் தேறிய தமிழ். ஒவ்வொரு சொல்லும் சலவைக்குப் போய்வந்திருந்தது.

"குதிரைகளுக்குத் தீங்கு நேருமா?"

"குதிரையெல்லாம் வெள்ளைக்காரனோட போயிருச்சுங்க சேர்." தோட்டத்து வெளிவேலைகளைப் பார்க்கும் கண்டாக்கு கந்தப்பன் சொன்னார். "கொட்டிலும் இடிஞ்சிருச்சு. படத்துல மட்டுந்தான் நிக்குது."

அதிகாரி நிம்மதியடைந்தார்.

வரைபடத்தில் இல்லாத ஒன்று எதிரே நின்றது. தகரக் கூரையுடன் ஒரு நீளமான கட்டடம். வரிசையாகக் கதவுகள், எல்லாவற்றிலும் பூட்டு. கொடியில் துணி இல்லை. கிளிப்புகள் மட்டும் காற்றில் ஆடின.

"அது யாது?"

"தோட்டத்து ஆளுங்க குடியிருந்த லயம்ங்க சேர். பழசு. இப்ப பாவனையில இல்ல."

ஆய்வு மாணவி பிரியந்தி தலையசைத்தாள். காலையிலிருந்து அவள் அதிகமாகச் செய்த வேலை அதுதான்.

அடுத்த வாரம் விமானத்தில் அவளுடைய புட்டி வருகிறது. கதிரியக்கப் பொஸ்பரஸ், கட்டைவிரல் அளவு. உரத்தோடு கலந்து மண்ணில் இட்டால், வேர் எவ்வளவு குடிக்கிறது, மழை எவ்வளவு கொண்டுபோகிறது என்று அதன் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். ஆனால் அதற்குக் காத்திருக்கத் தெரியாது. இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும்.

பல்கலைக்கழகத்துக்கு வரவழைக்க அனுமதி கிடைத்துவிட்டது. அங்கிருந்து மஸ்கெலியாவுக்கு மேலே இந்த மலைக்குக் கொண்டுவர, இந்த மனிதர் கையெழுத்திட வேண்டும். இடாவிட்டால் புட்டி ஆய்வுக்கூடத்து ஈயப் பெட்டிக்குள்ளேயே தேய்ந்து முடியும். அவளுடைய கலாநிதிப் பட்டமும் அதோடு.

விதி ஒன்றுதான். அருகில் மனிதர்கள் குடியிருக்கக்கூடாது.

முதலில் தேர்ந்த நிலம், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா ரோஜாப் பாத்திக்குப் பக்கத்தில் என்று கைவிடப்பட்டது. இரண்டாவது நிலம் ஓடைக்குப் பக்கத்தில். இது மூன்றாவது. இதற்குப் பக்கத்தில் எதுவுமில்லை என்று துரையே எழுதிக் கொடுத்திருந்தார்.

அதிகாரி கதிரியக்கம் அளக்கும் ஒரு சிறிய கருவியை லயத்தை நோக்கி நீட்டினார். அந்த இடத்தில் அது மட்டுமே சத்தம் போட்டது.

இவ்வளவு சிறிய அளவில் ஆபத்தில்லை என்று ஆய்வுக்கூடத்தில் சொன்னபோது பிரியந்தியின் குரல் தடுமாறியதில்லை. இங்கே மனதுக்குள் சொல்லிப் பார்க்கும்போதே தடுமாறியது.

ஒரு கறுப்பு நாய் எங்கிருந்தோ பாய்ந்து வந்து அவளைச் சுற்றிச் சுற்றி வாலாட்டியது. சப்பாத்தை நக்கியது. அவள் காலால் தள்ளினாள். அதை அது விளையாட்டாக எடுத்துக்கொண்டது.

"நாய் தங்களை நன்கு அறியும் போலும்."

"அது எல்லாருகிட்டயும் இப்பிடித்தாங்க சேர்," என்றார் கந்தப்பன். "மானம் ரோசம் இல்லாதது."

பிரியந்திக்குக் காது சுட்டது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்போதுதான் லயத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் தட்டு, அதன் மேல் பூப்போட்ட கோப்பை, ஆவி பறக்கும் தேநீர்.

கந்தப்பனின் முகம் வெளிறியது. "ஏய் வடிவு, ஒன்னய யாரு இப்ப வரச்சொன்னது?"

"தூரத்துலருந்து வந்திருக்காங்க. ஒரு தேத்தண்ணிகூட குடுக்காம எப்பிடிங்க அனுப்புறது?"

லயத்துச் சனங்கள் பூட்டுகளை யோசித்தார்கள். துணிகளை யோசித்தார்கள். கோழிகளைக்கூடக் கூடை கவிழ்த்து மூடியாயிற்று. தேநீரை யாரும் யோசிக்கவில்லை.

அதிகாரி கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். வகுப்பில் கற்றதைப் பயன்படுத்த ஒரு வாய்ப்பு. நிமிர்ந்து நின்று கேட்டார்.

"அம்மா, இவ்விடத்தில் மனிதர் எவரேனும் வசிக்கின்றனரா?"

அந்தப் பெண் பிரியந்தியைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க மிகவும் கவனமாக இருந்தாள்.

"இல்லைங்க சேர். யாருமே இல்லைங்க."

"தாங்கள்?"

"நானுங்களா? நான் சும்மா வந்து போறதுங்க."

ஒரு சொல் போதும். பிரியந்தியின் தொண்டைவரை அது வந்துவிட்டது. அடுத்த வாரம் வானத்தில் வரப்போகும் அந்தப் புட்டியை நினைத்தாள். சொல் திரும்பிப் போயிற்று.

அதிகாரி திருப்தியோடு கோப்பையை வரைபடத்தின் மேல் வைத்தார். லயம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அது சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது. அதன் பக்கத்திலேயே கையெழுத்திட்டார்.

"வாழ்த்துகள், மிஸ். மிகவும் பாதுகாப்பான நிலம்." பிறகு அந்தப் பெண்ணிடம், "தேநீர் அருமை," என்றார்.

கந்தப்பன் குடையைப் பிடித்தபடி அவரை ஜீப்புக்கு அழைத்துப்போனார். மழை இல்லை.

பிரியந்தி கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மகிழ்ச்சி வருமென்று காத்திருந்தாள். கொஞ்சம் வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பெண் கோப்பையை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஜீப்பின் சத்தம் தேய்ந்து மறையும்வரை வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் குனிந்து, ரகசியம் போலக் கேட்டாள்.

"போயிட்டாங்களா பாப்பா? ஒங்கப்பாவ இனி இருமச் சொல்லலாமா?"