இறந்தோர் இருவர்

அன்று மதியம் பரளச்சி தறிக்கொட்டகையில் இருந்தவர்கள்: நான், கருத்தப்பாண்டி, முருகலட்சுமி. மூவரும் தறி ஓட்டுகிறவர்கள். மின்சாரம் நின்றால் போனில் கலைக்களஞ்சியத்தைத் திறந்து, தானாக வரும் கட்டுரையைப் படித்து ஆளுக்கொரு கருத்துச் சொல்வோம்.

முதலில் மூன்று வருடம் தூங்கும் நத்தை வந்தது.

“நம்ம ஓனரு மச்சினன் மாதிரியில்ல இருக்கு,” என்றாள் முருகலட்சுமி.

அடுத்தது, ‘பரளச்சி தறிக்கொட்டகைத் தீ விபத்து.’ அன்றைய தேதிதான் போட்டிருந்தது. இறந்தோர் இருவர். ஊரில் வேறு கொட்டகை கிடையாது.

“ஏலே, நம்ம மூணு பேருல்ல இருக்கோம்,” என்று கருத்தப்பாண்டி சிரித்தான்.

நான்தான் முதலில் எழுந்தேன்.

“எங்கண்ணே போறீக?” என்றாள் முருகலட்சுமி.

“டீ வாங்கிட்டு வாரேன்.”

ஆடு புகுந்து நூலைக் கடிக்கும் என்பதால், உள்ளே ஆள் இருந்தாலும் வெளியே போகிறவர் கதவைப் பூட்டிவிட்டுப் போவது வழக்கம். நானும் பூட்டினேன்.