இரை வைக்காத கூடு

தொபியாஸின் விசைப்படகில் இன்ஜின் நின்று முழுதாக ஒரு பகல் போயிருந்தது. நண்டுக்கூடு கிடக்கும் இடத்துக்கு ஒரு மைலுக்குள் வந்தாலே விசைப்படகுகளின் இன்ஜின் தானாக அணைந்துவிடும்; கூட்டுக்காரன் கூட்டைத் தூக்கினால்தான் மறுபடி ஓடும். புதுச் சட்டம் அப்படி.

"கஸ்பார் அண்ணே, ஐஸ் பூரா உருகிட்டு. நாலு நாள் புடிச்ச மீனு நாறப்போவுது. கூட்டத் தூக்குண்ணே," என்று மேல்தளத்தில் நின்று கெஞ்சினான் தொபியாஸ்.

கஸ்பார் தன் வள்ளத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். நான்கு வருடங்களுக்கு முன் இதே படகு இழுத்து வந்த மடிவலை அவனுடைய அறுபது கூடுகளையும் வாரிக்கொண்டு போனது. நியாயம் கேட்கப் போனபோது, "கடல் என்ன ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று சிரித்தான் தொபியாஸ்.

"இப்ப எங்கப்பன் வீட்டுச் சொத்துதாம்ல," என்றான் கஸ்பார்.

மீன் நாற்றம் தன் மூக்குக்கு எட்டிய பிறகுதான் கயிற்றை இழுத்தான். தொபியாஸ் துறைமுகத்துக்குத் திரும்பும் வழி பார்த்து கஸ்பார் இறக்கியிருந்த அந்த ஒற்றைக் கூடு காலியாக மேலே வந்தது. நசுக்கிய சிப்பியோ செத்த மீனோ, எந்த இரையும் அதில் அவன் வைத்திருக்கவில்லை.

கரையில் மனைவி பிரகாசி கூடையோடு காத்திருந்தாள்.

"இன்னைக்கும் நண்டு இல்லியா? மூணு மாசமா வெறுங்கஞ்சிதான் குடிக்கோம்."

"தொபியாஸ் மாட்டுனாம்ட்டி!"

"அவனக் கொழம்பு வைக்க முடியுமா?"

கஸ்பார் காலிக் கூட்டைப் பத்திரமாக வள்ளத்திலேயே வைத்தான்.

"நாளைக்கு அவன் தம்பி படகு வருது," என்றான்.